கொடைக்கானலில் பூத்த ஸ்லிப்பர் ஆர்க்கிட் கீழ்மலையில் பூக்காமல் நின்றது: ஒரு நிகழ்வு ஆய்வு

பழனி மலையில் வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "செடி நல்லாத்தான் இருக்கு, ஏன் பூக்கல?" என்பதுதான். ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கச் சில வருடங்கள் பிடித்தன. அங்கே நடந்ததை வரிசையாக எழுதி வைத்தால் மற்றவர்களுக்கு அந்த வருடங்கள் மிச்சமாகும் என்று தோன்றியது. வீட்டுக்காரர்களின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

அந்த அம்மா கொடைக்கானலில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்குக் கீழ்மலையில், அதாவது பழனி மலையின் தாழ்வான பகுதியில், தாண்டிக்குடி பக்கம் பூர்வீகக் காபித் தோட்டம். 2017 நவம்பரில் இருவரும் கொடைக்கானல் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்து வீட்டுக்குக் குடி போனார்கள். கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தோட்டத்து வீடு சுமார் 1,300 மீட்டரில். சாமான்களோடு ஒரு பெரிய சிமென்ட் தொட்டியும் வண்டியில் இறங்கியது. அதில் இருந்தது பாஃபியோபெடிலம் இன்சிக்னி என்ற ஸ்லிப்பர் ஆர்க்கிட்.

இன்சிக்னியின் சொந்த ஊர் மேகாலயாவின் காசி மலைப்பகுதி. இலையில் கோலம் எதுவும் இல்லாமல் ஒரே பச்சையாக இருக்கும். பூ பழுப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்து, வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுக்கும். மேல் இதழில் கரும்பழுப்புப் புள்ளிகள், ஓரத்தில் வெள்ளை, கீழே செருப்பின் முன்பக்கம் போல ஒரு பை. குளிர்காலத்தில் பூத்தால் இரண்டு மாதம்கூட வாடாமல் நிற்கும். மலை வாசஸ்தலங்களின் பழைய பங்களாத் தோட்டங்களில் வளர்ந்துவந்த ஆர்க்கிட்டுகளில் இதுவும் ஒன்று. அம்மாவுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு தோட்டத்தில் பிரித்துக் கொடுத்த துண்டுதான். கொடைக்கானலில் கண்ணாடி வராந்தாவில் வைத்திருந்தார். வருடம் தவறாமல் மார்கழி, தை மாதங்களில் பூத்தது. கிளம்பும்போது அதிலிருந்து ஒரு சிறு பகுதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அது பின்னால் பெரிய உதவியாக ஆனது.

இந்தச் செடி வளரும் விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே வருவது புரியாது. கீழ்மலைக்காரர்களுக்கு இது எளிது, ஏனென்றால் இது வாழையைப் போலத்தான். ஒரு கன்று ஒரு முறைதான் பூக்கும். அதற்குப் பிறகு பக்கத்தில் புதுக் கன்று விட்டு, அது முற்றி, அதன் முறைக்குப் பூக்கும். பூத்த கன்று உடனே சாகாது. சில வருடங்கள் இலையோடு நின்று புதுக் கன்றுக்குச் சாப்பாடு கொடுக்கும். ஆனால் அதிலிருந்து இரண்டாவது பூ வராது.

முதல் குளிர்காலம்

குடி வந்த இரண்டே மாதத்தில், 2018 ஜனவரியில், தோட்டத்து வீட்டு வராந்தாவில் இரண்டு பூக்கள் வந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். இந்த இடம் செடிக்கு ஒத்துக்கொண்டது என்று முடிவு செய்தார்கள்.

இந்த நிகழ்வில் எல்லாத் தவறான வழிகளும் இந்தப் பூக்களிலிருந்துதான் கிளம்பின என்பது என் கருத்து. நவம்பரில் வண்டி ஏறும்போதே அந்த மொட்டுகள் கன்றின் நடுவில் உருவாகிவிட்டிருந்தன. கொடைக்கானலின் குளிர்ந்த இரவுகள் அந்த வேலையை முடித்துக் கொடுத்திருந்தன. தாண்டிக்குடியில் நடந்தது விரிந்தது மட்டும்தான். ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? புது வீட்டில் பூத்தது, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதே வருடம் ஆடி மாதத்தில் அம்மா ஒரு நர்சரியில் ரசீதோடு இன்னொரு ஸ்லிப்பர் ஆர்க்கிட் வாங்கினார். மௌடியே வகைக் கலப்பினம். இதன் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கட்டம் போட்டது போல இருக்கும். 2019 தொடக்கத்தில் பூத்தது, அப்புறமும் பூத்தது. ஒரே வராந்தா, ஒரே தண்ணீர், ஒரே கை. ஒன்று பூக்கிறது, மற்றது பூக்கவில்லை. அதனால் இடத்தில் குறை இருக்க முடியாது, செடியில்தான் ஏதோ குறை என்ற எண்ணம் இன்னும் உறுதியானது.

பூக்காத ஆண்டுகள்

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையையும் ஒரு கை பார்த்தது. வீட்டை ஒட்டி நின்ற சில்வர் ஓக் மரங்கள் முறிந்து விழுந்தன. வராந்தாவுக்கு வெயில் கூடியது, இன்சிக்னியின் இலைகள் மஞ்சளாக வெளுத்தன. அந்தக் குளிர்காலம் பூ வராததற்குப் புயல்தான் காரணம் என்று வைத்துக்கொண்டார்கள். நியாயமான எண்ணம்தான், பாதி உண்மையும்கூட.

2019 முழுவதும் உரம் போட்டார்கள். காய்கறிக்குத் தெளிக்கும் கணக்கில் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் கலந்து ஊற்றினார்கள். இடையில் பஞ்சகவ்யம், வேப்பம்புண்ணாக்குத் தண்ணீர். இலை நீளமாக வளர்ந்தது, கருகருவென்று ஆனது, நுனி கருகியது. பூ வரவில்லை.

2020 தொடக்கத்தில் கணவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் பல வருடம் காபி பார்த்தவர், அவருடைய யோசனைக்கு நல்ல அடிப்படை இருந்தது. காபிச் செடியின் மொட்டுகள் தை, மாசி வறட்சியில் உறங்கிக் கிடக்கும். நல்ல காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நல்ல மழை விழுந்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மழை வராத வருடம் ஸ்பிரிங்ளர் போட்டு அதே வேலையைச் செய்வார்கள். எலுமிச்சையையும் இப்படி வாடவிட்டுப் பூக்க வைப்பது உண்டு. அதையே ஆர்க்கிட்டுக்கும் செய்தார். ஒரு மாதத்துக்கும் மேல் தண்ணீரை நிறுத்தி, இலை துவண்ட பிறகு தொட்டி நிரம்ப ஊற்றினார். பூக்காததால் திரும்பவும் செய்தார். "வாடவிட்டாப் பூக்காத செடி இந்த மலையில ஏது தம்பி?" என்று பின்னால் என்னிடம் கேட்டார். அனுபவத்திலிருந்து வந்த கேள்வி அது. ஆனால் எல்லா ஆர்க்கிட்டுக்கும்கூட அது பொருந்தாது. டெண்ட்ரோபியம் போன்றவற்றுக்குத் தடித்த தண்டு உண்டு, அதில் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியைத் தாங்கும். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு அந்தத் தண்டு கிடையாது. வேர் காய்ந்தால் நேராக இலை வாடும், வேர் செத்துவிட்டால் திரும்ப வர ஒரு வருடம் ஆகும். காபியில் வறட்சி எழுப்பி விடுவது ஏற்கெனவே உருவாகியிருக்கிற மொட்டை. இங்கே மொட்டே உருவாகியிருக்கவில்லை.

2020-21 குளிர்காலத்திலும் பூ இல்லை. இந்த முறை செடியே தளர்ந்துவிட்டது.

மார்ச் 2021: பார்த்தது

அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் தொட்டியைக் கவிழ்க்காமல் கன்றுகளை எண்ணிப் பார்த்தோம். மொத்தம் ஒன்பது. அவற்றில் நான்கு பழைய கன்றுகளின் நடுவில் காய்ந்த பூத்தண்டின் அடிக்கட்டை இருந்தது. மூன்று கன்றுகள் முழு அளவுக்கு வளர்ந்து முற்றியிருந்தும் நடுவில் எதுவும் இல்லை. மற்ற இரண்டும் சிறியவை, முன்னால் வந்தவற்றில் பாதி அளவுகூட இல்லை.

இதைப் பொறுமையாகப் படித்தால் செடி தன் வரலாற்றைத் தானே சொல்லிவிடும். அடிக்கட்டை உள்ள கன்றுகள் கொடைக்கானலில் முற்றியவை. வெறுமையாக நின்ற பெரிய மூன்றும் தாண்டிக்குடியில் முற்றியவை. அவை வளர்ச்சியில் குறைந்தவை அல்ல, சாப்பாடு கிடைக்காதவையும் அல்ல. கடைசியாக வந்த சிறிய இரண்டும் வேர் கெட்ட பிறகு வந்தவை. அப்படியென்றால் இங்கே இருப்பது இரண்டு பிரச்சினை. முதலாவது 2018 முதல் இருக்கிறது, அதுதான் பூவைத் தடுத்தது. இரண்டாவது 2020இல் சேர்ந்தது, அது செடியையே கொல்லப் பார்க்கிறது.

அப்புறம் தொட்டியைக் கவிழ்த்தோம். கலவையில் இருந்த மரப்பட்டைத் துண்டுகள் மக்கிச் சேறாகிவிட்டிருந்தன. கொடைக்கானலில் இருந்து வந்த பிறகு கலவையை மாற்றவே இல்லை. இந்தச் செடிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். தொட்டியின் விளிம்பில் உர உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வேர்களில் பெரும்பகுதி அழுத்தினால் தோல் மட்டும் கையோடு வந்தது. உயிருள்ள வேர் பழுப்பாக, மெல்லிய ரோமத்தோடு, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அப்படி இருந்தவை சிலதான். கன்றுகள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, அடிப்பகுதி கலவைக்கு வெளியே நின்றது. புது வேர் அந்த அடியிலிருந்துதான் கிளம்பும். ஈரமான கலவையைத் தொடுவதற்குள் காற்றில் காய்ந்துவிடும்.

அம்மா தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். கொடைக்கானல் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பியது. அங்கே விட்டு வந்த துண்டு, ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியில், அந்த ஜனவரியிலும் பூத்திருந்தது. அதே தாய்ச் செடி. அந்த வீட்டில் உரம் என்று தனியாக எதுவும் கொடுப்பதில்லை.

காரணத்தைத் தேடியது

அந்தப் படத்துக்குப் பிறகு என் சந்தேகம் இரவுக் குளிரின் மேல் போனது. வெறும் பச்சை இலை உள்ள இன்சிக்னி போன்ற இனங்களுக்கு, கன்று முற்றும் காலத்தில் இரவு வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்க வேண்டும். அப்படிப் பல வாரங்கள் கிடைத்தால்தான் மொட்டு உருவாகும். கோல இலை உள்ள மௌடியே வகைகளுக்கு இந்தக் குளிர் தேவையில்லை. இரவு 16 முதல் 18 டிகிரி இருந்தால் போதும். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தொட்டிகளில் ஒன்று மட்டும் பூத்ததற்கு இது பொருத்தமான விளக்கமாக இருந்தது.

உயரக் கணக்கும் ஒத்து வந்தது. 1,000 மீட்டர் இறங்கினால் பொதுவாக 6 டிகிரி கூடும். 800 மீட்டர் இறங்கிய இந்தச் செடிக்கு இரவுகள் ஏறக்குறைய 5 டிகிரி சூடாகியிருக்கும். கொடைக்கானலில் கோடையில்கூட இரவு 13 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அங்கே இந்தச் செடிக்குக் குளிர் தேடிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா அத்தனை வருடம் எளிதாகப் பூக்க வைத்தது அதனால்தான்.

ஆனால் கணக்கை நம்பி ஒரு செடியை இடம் மாற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை. குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கச் சொன்னேன். ஒரு மூட்டை உரத்தைவிட விலை குறைவு. கணவர் அதை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, காபி மழைமானிக் கணக்கு எழுதும் அதே நோட்டில் அந்த வருடம் முழுவதும் எழுதி வந்தார். புரட்டாசி இரவுகளில் வராந்தா 18க்கும் 19க்கும் நடுவில். மார்கழியில்கூட 15க்குக் கீழே போன நாள் அபூர்வம். வராந்தாவின் பின்சுவர் சமையலறைச் சுவர். விறகடுப்புச் சூட்டை அது இரவெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கீழே ஓடைக்கரைப் பள்ளத்தில் அதே மார்கழியில் 12 முதல் 14 வரை. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அந்தப் பக்கத்துக் காபி எப்போதும் தாமதமாகப் பழுக்கும் என்று கணவருக்கு முன்பே தெரியும். காரணம் இதுதான் என்று அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, 2021இல் பூவை எதிர்பார்ப்பதில்லை என்பது. வேர் இல்லாத செடி மொட்டு விட்டாலும் அதைத் தாங்காது. வீட்டில் இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே பல வருடம் காத்திருந்தவர்கள். ஆனாலும் அம்மா சட்டென்று ஒப்புக்கொண்டார்.

கலவையை முழுவதும் மாற்றினோம். ஒரு சென்டிமீட்டர் அளவு பைன் பட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, கரித்துண்டும் கொஞ்சம் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) சேர்த்தோம். செத்த வேரை எல்லாம் வெட்டினோம். பழைய கன்றுகளில் இரண்டு அழுகிவிட்டிருந்தன. அவற்றை எடுத்ததும் செடி தானாகவே இரண்டாகப் பிரிந்தது, ஒன்றில் நான்கு கன்று, மற்றதில் மூன்று. சாதாரணமாக நான் இப்படிப் பிரிக்கவே சொல்ல மாட்டேன். மூன்று கன்றுக்குக் குறைந்தால் பூக்க இன்னும் பல வருடம் ஆகும். ஆனால் பிரிந்ததில் ஒரு நல்லதும் இருந்தது, இரண்டையும் இரண்டு விதமாக வைத்துப் பார்க்கலாம். வேரின் அளவுக்கு மட்டும் போதுமான சிறிய தொட்டியில், கன்றின் அடி கலவைக்குள் ஒரு விரல் இறங்கும்படி வைத்தோம். தொட்டி பெரிதாக இருந்தால் நடுவில் ஈரம் காயாது, வேர் திரும்ப அழுகும்.

தண்ணீரைப் பற்றி நிறையப் பேசினோம். ஓடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மிக மென்மையானவை, கரைந்த உப்பு மிகக் குறைவு. பொதுவாக ஆர்க்கிட்டுக்கு இது வரம். ஆனால் இன்சிக்னி சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் வளரக்கூடியது. மென்மையான தண்ணீரும் மக்கும் பட்டையும் சேர்ந்தால் கலவை புளித்துக்கொண்டே போகும், வேர் கெடும். அதனால் கிளிஞ்சல் ஓட்டை உடைத்துக் கலவையின் மேல் தூவினோம். உரத்தை லிட்டருக்கு அரை கிராமுக்கும் கீழே குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தோம். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரைத் தொட்டி வழிய ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். கலவை எப்போதும் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும், காய விடவே கூடாது. வராந்தாவுக்கு 75 சதவீத நிழல்வலை.

இரவுக் குளிருக்கு இரண்டு வழி இருந்தது. நான்கு கன்றுள்ள செடியை ஆவணி கடைசியில் கொடைக்கானல் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி மாசியில் திரும்பக் கொண்டு வருவது. மூன்று கன்றுள்ளதை வீட்டிலேயே வைத்து, செடி தேறிய பிறகு ஓடைப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பது. இனி இவற்றை மேல்செடி, கீழ்செடி என்று சொல்கிறேன்.

வேண்டாம் என்று முடிவு செய்த ஒன்றையும் எழுத வேண்டும். இந்தக் காத்திருப்பின் நடுவில் ஒருவர் கைபேசி வழியாக, வடகிழக்கு மாநிலக் காட்டிலிருந்து பிடுங்கிய ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேரோடு பிடுங்கித் துணியில் சுற்றிய செடிகளின் படம் வந்தது. பூக்கும் அளவுள்ள செடி கைக்கு வந்தால் காத்திருக்க வேண்டாமே என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். உலகத்தில் உள்ள பாஃபியோபெடிலம் இனங்கள் அனைத்தும், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டுச் செடியின் பன்னாட்டு வணிகம் முழுவதும் தடை. நம் நாட்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் இவை 'குறிப்பிட்ட தாவரங்கள்' என்ற பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. காட்டில் பிடுங்குவது குற்றம், வளர்க்கவும் விற்கவும் உரிம விதிகள் உண்டு. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே ஸ்லிப்பர் ஆர்க்கிட்டான பாஃபியோபெடிலம் ட்ரூரியை, அகத்தியமலைப் பகுதியில், பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்குக் கொண்டு போய்விட்டார்கள். 1865இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மஞ்சள் பூச்செடி அழிந்துவிட்டது என்றே நம்பப்பட்டு, 1972இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. அம்மா அந்த எண்ணை அப்போதே அழித்துவிட்டார். அதோடு தங்களிடம் உள்ள செடிகளின் விவரத்தை எழுதிக்கொண்டு வனத்துறை அலுவலகத்தில் போய் விதிகளைக் கேட்டும் வந்தார். புதிதாக வாங்குகிறவர்கள் வாங்கும் முன்பே இதைச் செய்வது நல்லது.

நடந்தது

2021 ஆவணியில் மேல்செடி கொடைக்கானல் போனது, மாசியில் வெறுங்கையோடு திரும்பியது. குளிர் முழுதாகக் கிடைத்தும் பூ இல்லை. கணவர், "குளிர் காரணம் இல்லைன்னு ஆயிருச்சே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் செடியில் அப்போது முற்றிய புதுக் கன்று ஒன்றுகூட இல்லை, வேர் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. குளிர் தேவை, ஆனால் அதை வாங்கிக்கொள்ளத் தகுதியான கன்றும் வேண்டும். இன்னொரு வருடம் பார்ப்போம் என்று முடிவாயிற்று. முன்பு காலியாக நின்ற பெரிய கன்றுகளும் பிறகு பூக்கவே இல்லை. பருவம் தப்பிய கன்று அடுத்த கன்றுக்குப் பொறுப்பை விட்டுவிட்டது போலத்தான் இருந்தது.

2022 கோடையில் இரண்டு செடியிலும் நல்ல அகலமான புதுக் கன்றுகள் வந்தன. கீழ்செடியின் கன்று மேல்செடியினுடையதைவிட ஒரு விரல் நீளம் கூட. ஆவணி கடைசியில் மேல்செடி மலையேறியது. கீழ்செடியை வேண்டுமென்றே வராந்தாவிலேயே வைத்தோம். வேரும் கன்றும் இரண்டிலும் சரியாக இருக்க, இரவு மட்டும் வேறு. நவம்பர் நடுவில் பக்கத்து வீட்டுக்காரர், "நடுவுல பச்சையா நாக்கு மாதிரி ஒண்ணு எட்டிப் பார்க்குது" என்று அழைத்தார். மொட்டுறை. பலர் அதைப் புது இலை என்று நினைத்துவிடுவார்கள். இலை இரண்டாக மடிந்து வரும், மொட்டுறை தட்டையாக, சின்னதாக, நுனி மூடி இருக்கும். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மொட்டின் நிழல் தெரியும். அதிலிருந்து பூ விரிய பிப்ரவரி முதல் வாரம் ஆயிற்று. ஏப்ரல் வரை நின்றது. கீழ்செடியில் எதுவும் வரவில்லை.

2023 புரட்டாசியில் கீழ்செடியை ஓடைப் பள்ளத்தில் வைத்தோம். பழனி மலையின் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. காட்டுமாடு வரும் வழி என்பதால் தொட்டியை மரக்கிளையில் கம்பி வளையத்தில் தொங்கவிட்டோம். மாடு தொடவில்லை. மழைதான் வேலையைக் காட்டியது. மேலே கூரை போடவில்லை. கன்றின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி, நவம்பரில் ஒரு கன்று அடியில் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆனது. கெட்ட நாற்றம். இது பாக்டீரியா அழுகல், சில நாளில் முழுச் செடியையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அம்மா தாமதிக்காமல் அந்தக் கன்றை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி எடுத்து, வெட்டுவாயில் மட்டும் பட்டைப் பொடி (சமையல் பட்டைதான்) தூவி, சில நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்தார். அவருடைய பழைய தொழிலின் கைப்பக்குவம் அதில் தெரிந்தது. மற்ற கன்றுகள் தப்பின. அதன் பிறகு பாலிகார்பனேட் தகட்டில் ஒரு சின்னக் கூரை போட்டு, திரும்பப் பள்ளத்துக்கே கொண்டுபோனார்கள்.

மழை மாதங்களில் மேகம் மூடியிருந்ததால் பள்ளத்தில்கூட இரவு 15க்குக் கீழே அதிகம் இறங்கவில்லை. மழை விட்டு வானம் தெளிந்த பிறகுதான் 12, 13 என்று நோட்டில் எண்கள் வந்தன. மொட்டுறை பொங்கலுக்குச் சற்று முன்னால் தெரிந்தது. 2024 மார்ச் கடைசியில் ஒரு பூ. தண்டு குட்டை, பூவும் மேல்செடியின் பூவைவிடச் சிறிது. ஆனாலும் தாண்டிக்குடி மண்ணில் உருவான முதல் மொட்டு அதுதான். அதே வருடம் கொடைக்கானலில் இருந்த மேல்செடி பிப்ரவரியில் இரண்டு பூ கொடுத்திருந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இன்சிக்னிக்குப் பூவை முடிவு செய்யும் மாதங்கள் ஆவணி முதல் மார்கழி வரை. மாசியில் பூ இல்லையே என்று தேடத் தொடங்கினால் காரணம் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். அதனால் பூக்காத செடி ஒன்று கைக்கு வந்தால் முதலில் வெப்பமானி மாட்டி ஒரு பருவம் எழுத வேண்டும், அது வரைக்கும் உர டப்பாவைத் திறக்க வேண்டாம். இந்த வீட்டில் அது 2018 கடைசியிலேயே நடந்திருந்தால் வேர் கெட்டிருக்காது.

இடம் மாறிய செடி முதல் வருடம் பூத்தால் அதைப் பழைய இடத்தின் கணக்கில் வைக்க வேண்டும். புது இடத்தில் கிளம்பி அங்கேயே முற்றிய கன்று பூத்த பிறகுதான் இடம் ஒத்துக்கொண்டது என்று சொல்லலாம். காய்ந்த பூத்தண்டின் அடிக்கட்டையைச் சுத்தம் என்ற பேரில் பிடுங்கி எறிய வேண்டாம். எந்தக் கன்று பூத்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

பள்ளத்தில் வைப்பதென்றால் ஐப்பசி மழைக்கு முன்பே கூரை இருக்க வேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றி, மாலைக்குள் குருத்து காய்ந்துவிட வேண்டும். நத்தைகளையும் பார்க்க வேண்டும். இந்த முறை அவை மொட்டைத் தொடவில்லை. ஆனால் ஈரப் பள்ளத்தில் ஒரே இரவில் பூத்தண்டைத் தின்றுவிடும், தொங்கவிட்ட கம்பியைச் சுற்றி ஒரு செப்புப் பட்டை இருந்தால் நல்லது.

2021இல் மேல்செடியை மலையேற்றியதை மறுபடி செய்ய மாட்டேன். அந்த வருடம் அது இரண்டு பயண அலைச்சலைத்தான் பட்டது. முற்றிய புதுக் கன்று இல்லாத செடியைக் குளிருக்கு அனுப்புவதில் பயன் எதுவும் கிடைக்கவில்லை.

கீழ்மலையில் புதிதாகத் தொடங்குகிறவர் இன்சிக்னியைத் தேர்வு செய்வதைவிட கோல இலை வகையைத் தேர்வு செய்வது மேல் என்று நினைக்கிறேன். ஆயிரத்து இருநூறு, முந்நூறு மீட்டரில் அது வராந்தாவிலேயே பூக்கும். பண்ணைக்காட்டில் இருக்கும் அம்மாவின் தங்கை ரொம்ப நாளாக இன்சிக்னியில் ஒரு துண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். மேல்செடியில் இன்னும் ஆறு கன்று சேரவில்லை, பிரித்தால் இரண்டுமே பின்னால் போகும். அவருக்கு மௌடியே தொட்டியிலிருந்து மூன்று கன்று பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், இப்போது விரிந்திருக்கும் பூ உதிர்ந்த பிறகு.